கொல்லிமலை இறங்கி டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பெடல் தரைக்குப் போன வண்டி: எந்த பிரேக் ஆயில் ஊத்தினோம், ஏன் ஊத்தினோம்

வண்டி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏழு வருஷம் ஓடினது, மேனுவல் கியர், முன்னாடி டிஸ்க் பின்னாடி ட்ரம், சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் இருக்கு, வண்டி சறுக்காம பிடிச்சு வெக்கற ஈஎஸ்பி கிடையாது. ஓனர் என் சித்தப்பா பையன். ஈரோட்டுல இருந்து பெருந்துறைக்கு தினமும் வேலைக்குப் போய்ட்டு வர்றதுதான் வண்டியோட பொழப்பு, சிக்னல், லாரி, ஸ்பீடு பிரேக்கர், அவ்வளவுதான். ஆனா அப்பப்ப ஒரு ஞாயித்துக்கெழம விடியக்காலைல கெளம்பி ஏற்காடோ கொல்லிமலையோ ஏறி, கொஞ்சம் விரட்டி ஓட்டிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவான். நம்ம ஊர்ல வண்டி ஓட்டறதுல ஆசை உள்ள முக்காவாசிப் பேர் இதே கணக்குதான், நாள் பூரா டவுனு, எப்பவாவது மலை. ரேஸும் கிடையாது, முழுக்க டவுன் வண்டியும் கிடையாது. இந்த நடுவாந்தரமான உபயோகத்துக்கு என்ன பிரேக் ஆயில்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதனாலதான் இந்தக் கேஸ முழுசா எழுதி வெக்கறேன்.

என்ன நடந்துச்சு

நாலு பேர், பின்னாடி டிக்கில லக்கேஜ். செம்மேடு, அரப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் பாத்துட்டு மத்தியானம் காரவள்ளி பக்கமா இறங்கிருக்காங்க. அந்த ரோட்ட தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, 70 கொண்டை ஊசி வளைவு, ஒண்ணு முடிஞ்சு நிமிர்றதுக்குள்ள அடுத்தது வந்துரும். மூணாவது கியர்ல விட்டு, வளைவுக்கு முன்னாடி பிரேக் பிடிச்சு, திருப்பி, மறுபடி விட்டு, இப்படியே அடிவாரம் வரைக்கும் வந்துட்டான். இறங்கற வரைக்கும் பெடல்ல ஒரு குறையும் இல்லைங்கறான். கடைசி பத்து வளைவுல மட்டும் லேசா ஒரு கருகல் வாசம் வந்துச்சாம், முன்னாடி போன லாரின்னு நெனச்சிருக்கான்.

கீழ வந்து டீக்கடைல நிறுத்தி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காந்திருக்காங்க. திரும்ப வண்டிய எடுத்து ரோட்டுக்கு வந்து முதல் தடவ பிரேக்க மிதிச்சா, பெடல் அப்படியே மெத்துன்னு கீழ போய் தரையத் தொட்டுருச்சு. விட்டு விட்டு ரெண்டு மூணு தடவ மிதிச்சதும் கொஞ்சம் பிடிப்பு வந்துச்சு, அதுவும் பத்தல. சமதளம், எதுக்க வண்டி இல்ல, ஹேண்ட்பிரேக்க மெதுவா இழுத்து ஓரமா நிறுத்திட்டான். ஹேண்ட்பிரேக் கேபிள்ல இழுக்கறது, ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால அது வேலை செஞ்சுச்சு. இதே பெடல் அம்பதாவது வளைவுல கீழ போயிருந்தா என்னன்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது.

அங்கிருந்து போன் பண்ணான். "அண்ணா, பிரேக் சுத்தமா இல்லீங்ணா, ஆயில் லீக் ஆயிடுச்சாட்ட இருக்குதுங்." பானெட்ட தொறந்து பிரேக் ஆயில் டப்பால லெவல் பாக்கச் சொன்னேன், லெவல் சரியா இருக்கு. நாலு வீல் உள்பக்கமும் பாக்கச் சொன்னேன், எங்கயும் ஈரம் இல்ல. அப்ப லீக் இல்ல, கொதிச்சிருக்கு. "வண்டிய நகத்தாத, சக்கரத்து மேல தண்ணி கிண்ணி ஊத்திறாத, ஒரு மணி நேரம் சும்மா விடு"ன்னு சொன்னேன். காய்ஞ்ச டிஸ்க்ல பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும், கோணிக்கும். பக்கத்துல இருந்தவங்க ரெண்டு பேர் குடத்தோட வந்துட்டாங்களாம், நல்லவேளை தடுத்துட்டான்.

ஒரு மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி கெட்டியா வந்துருச்சு. இந்தப் பிரச்சினைல இதுதான் மோசமான விஷயமே. ஆறினதும் எல்லாம் சரியாயிடுது, மறுநாள் சர்வீஸ்ல காட்டினா டெஸ்ட் டிரைவ் போய்ட்டு வந்து ஒண்ணும் இல்லைன்னு சாவியக் குடுத்துருவாங்க. அவங்க சொல்றதுல பொய்யும் இருக்காது, ஆறின வண்டில நிஜமாவே ஒண்ணும் தெரியாது.

ஓடும்போது நல்லா இருந்தது, நின்னப்பறம் ஏன் போச்சு

பிரேக் ஆயில் திரவமா இருக்கற வரைக்கும் அமுங்காது, கால் குடுக்கற அழுத்தம் அப்படியே கேலிப்பர் பிஸ்டனுக்குப் போகும் (கேலிப்பர்னா ரெண்டு பக்கமும் பேட்ட வெச்சு டிஸ்க்க கவ்விப் பிடிக்கற பாகம்). கொதிச்சு ஆவி ஆச்சுன்னா ஆவி அமுங்கும், கால் குடுக்கற அழுத்தமெல்லாம் அந்த ஆவிய நசுக்கறதுலயே தீந்துரும், பேட் டிஸ்க்க பிடிக்காது. ஓடிட்டு இருக்கும்போது டிஸ்க் மேல காத்து பட்டுட்டே இருக்கு, சூட்ட காத்து அள்ளிட்டுப் போயிடுது. நிறுத்தினதும் காத்து நின்னுபோச்சு, டிஸ்க்ல இருக்கற சூடு பேட் வழியா, பிஸ்டன் வழியா, மெதுவா உள்ள ஆயிலுக்கு எறங்குது. அதனாலதான் நிறைய கேஸ்ல வண்டி நின்ன அஞ்சு பத்து நிமிஷத்துக்கு அப்பறம்தான் ஆயில் கொதிக்கும்.

மலை இறங்கினதும் டீக்கடைல நிறுத்தறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். ஆனா அதுக்கு முன்னாடி சமதளத்துல பிரேக்க அதிகம் தொடாம ஒரு ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்தினா டிஸ்க் பாதி ஆறிரும். காசில்லாத வைத்தியம் இது.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இது தெரியாம ஆயில மாத்தி மாத்தி செலவு பண்றவங்க இருக்காங்க. பெடல் கெட்டியா இருக்கு, ஆனா எவ்வளவு அமுத்தினாலும் வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா அது பேட் சூடாகி வழுக்கறது, ஆயில் மேல தப்பில்ல. பெடல் மெத்துன்னு கீழ போகுதுன்னாதான் ஆயில் கொதிச்சது, இல்ல காத்து ஏறினது. ரெண்டும் சேந்தும் வரலாம்.

சூடு எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தோம். ஆளு லக்கேஜோட வண்டி 1300 கிலோ, உயர வித்தியாசம் சுமாரா 1000 மீட்டர்னு வெச்சுக்கலாம். 1300 பெருக்கல் 9.8 பெருக்கல் 1000, கிட்டத்தட்ட 1.27 கோடி ஜூல். 40 லிட்டர் தண்ணிய கொதிக்க வெக்கற அளவு சூடு அது. டயர் உருளறதுலயும் காத்துலயும் மூணுல ஒரு பங்கு போச்சுன்னு வெச்சாலும், மீதி அத்தனையையும் இன்ஜினும் பிரேக்கும்தான் பங்கு போட்டுக்கணும். மூணாவது மாதிரி பெரிய கியர்ல இறங்கி இன்ஜினுக்கு குறைச்சலா குடுத்தா பிரேக்குக்கு அதிகம். பிரேக்குலயும் முக்காவாசி முன்பக்கம்தான் வாங்குது, முன் டிஸ்க் ரெண்டும் சேந்து பத்து கிலோ இரும்பு இருந்தா ஜாஸ்தி. காத்து மட்டும் இல்லேன்னா அந்த இரும்பு செக்கச்செவேல்னு பழுத்துரும். இந்தக் கணக்க பாத்தப்பறம்தான் மூணாவது கியர் எவ்வளவு பெரிய விஷயம்னு தம்பிக்கு உறைச்சுது.

கழட்டிப் பாத்ததுல கெடைச்சது

மறுநாள் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மேஸ்திரி கடைக்கு மெதுவா ஓட்டிட்டுப் போனோம், முப்பது வருஷமா கார் வேலை பாக்கறவரு. பானெட்ல டப்பாவ பாத்தா ஆயில் பளபளன்னு இளமஞ்சளா இருக்கு. தம்பி டேஷ்போர்டுல இருந்து பில்ல எடுத்துக் காட்டினான், அஞ்சு மாசம் முன்னாடி ஒரு கடைல "பிரேக் ஆயில் மாத்தினது, டாட் 4"ன்னு போட்டு காசும் வாங்கிருக்காங்க. அப்பறம் எப்படி கொதிக்கும்னு அவனுக்கு ஒரே குழப்பம்.

மேஸ்திரி ஒண்ணும் பேசல. முன் வலது வீல கழட்டி, கேலிப்பர்ல ஆயில வெளிய எடுக்கறதுக்கு இருக்கற ப்ளீடர் நிப்பிள்ல டியூப மாட்டி, தண்ணி பாட்டில்ல விட்டு, பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர்ல லேசா லூஸ் பண்ணி, "மெதுவா மிதிப்பா"ன்னாரு. வந்தது கடுங்காப்பி கலர். அடில பொடிப்பொடியா கறுப்பா என்னமோ மெதக்குது. "பாத்தியாப்பா, மேல இருக்கறத உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்தி விட்ருக்கானுக. கீழ இருக்கறது கம்பெனில ஊத்தினதுதான்."

இந்தக் கேஸோட மையமே இதுதான். இன்ஜின் ஆயில் சுத்தி சுத்தி வரும், பிரேக் ஆயில் சுத்தாது. டப்பால ஊத்தினது கேலிப்பருக்குத் தானா போய்ச் சேராது, பைப்புல அங்கங்க நிக்கறது அங்கயேதான் நிக்கும். சூடு வாங்கறது கேலிப்பர், ரப்பர் ஹோஸ் வழியா ஈரம் உள்ள வர்றதும் அந்தப் பக்கம்தான். ஆக, பழைய ஆயில் இருக்கக் கூடாத இடத்துலதான் அது வருஷக்கணக்கா உக்காந்திருக்கு. டப்பாவ மட்டும் மாத்தினா கலர் மாறும், கொதிநிலை மாறாது.

மேஸ்திரிக்குத் தெரிஞ்ச இன்னொரு கடைல ஆயில நிஜமாவே சூடு பண்ணி கொதிநிலை காட்டற மிஷின் இருந்துச்சு. ரெண்டு சாம்பிளும் குடுத்துப் பாத்தோம். டப்பா ஆயில் 221 டிகிரி, கேலிப்பர் ஆயில் 148 டிகிரி. ஒரே வண்டி, ஒரே சிஸ்டம். பேனா மாதிரி இருக்கே லைட் எரியற டெஸ்டர், அத டப்பால விட்டா பச்சை லைட்தான் எரியும், எரிஞ்சுது. அது மின்சாரம் கடத்தறத வெச்சு ஈரத்த ஊகிக்கறது, ஆயிலுக்கு ஆயில் அது மாறும், அதுலயும் டப்பால மட்டும் விட்டுப் பாத்து முடிவு பண்றது சுத்தமா வேலைக்காகாது.

ஆயில் மட்டும் குத்தவாளி இல்ல. அதே முன் வலது கேலிப்பர்ல, கேலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைடு பின்ல கீழ இருக்கறது ஜாம். உள் பேட் மூணு மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளி பேட் ஆறு இருக்கு. அப்ப அந்த பேட் பிரேக்க விட்டப்பறமும் டிஸ்க்க உரசிட்டே வந்திருக்கு, பெருந்துறை ரோட்டுல அது ஒண்ணும் தெரியாது, மலைல அந்த ஒரு சக்கரம் மத்தத விட அதிகமா காயும். கருகல் வாசமும் அங்கிருந்துதான் வந்திருக்கணும். பின் ட்ரம் அட்ஜஸ்ட்மெண்ட் லூசா இருந்துச்சு, அதனால முன்பக்கத்துக்கு இன்னும் சுமை. பழைய ஆயில், ஜாம் ஆன பின், மூணாவது கியர், நாலு பேர் வெயிட்டு, உடனே நிறுத்தினது. இதுல ஏதாவது ஒண்ணு இல்லேன்னாகூட அன்னைக்கு பெடல் தப்பிச்சிருக்கும்னு நெனைக்கறேன்.

டின்ல போட்டிருக்கற எண்கள்

சரி, புதுசா என்ன ஊத்தறது? இங்க தம்பிக்கும் எனக்கும் ஒரு நாள் பூரா வாக்குவாதம்.

முதல்ல அடிப்படை. டாட் நம்பர் எல்லாம் அமெரிக்காவோட எஃப்எம்விஎஸ்எஸ் 116ங்கற விதில இருந்து வர்றது. ஒவ்வொரு நம்பருக்கும் ரெண்டு கொதிநிலை. ஒண்ணு டின்ன புதுசா தொறக்கறப்ப, இன்னொண்ணு ஆயில் ஈரம் குடிச்சப்பறம், அதாவது கிட்டத்தட்ட 3.7 சதவீதம் தண்ணி கலந்த நிலையில. டாட் 3ன்னா புதுசுல குறைஞ்சது 205, ஈரத்துல 140. டாட் 4ன்னா 230, 155. டாட் 5.1ன்னா 260, 180. இதெல்லாம் குறைஞ்சபட்சம்தான், நல்ல கம்பெனி ஆயில் இதுக்கு மேலயே இருக்கும், டின் பின்னாடியோ கம்பெனி ஷீட்லயோ போட்டிருப்பாங்க.

நம்ம கேலிப்பர்ல கெடைச்ச 148, டாட் 4 ஈரக் கணக்குக்கும் கீழ. டின்ல 230ன்னு போட்டிருந்த ஆயில ஊத்தியும் தம்பி மலை இறங்கினது 148ல.

தினமும் ஓட்டற வண்டிக்கு டின்ல முதல் எண்ண பாக்காதீங்க, ரெண்டாவது எண்ண பாருங்கன்னு நான் விடாம சொல்றது அதனாலதான். கிளைக்கால் ஆயில், அதாவது இந்த டாட் 3, 4, 5.1 எல்லாமே காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், டப்பா மூடில இருக்கற மூச்சுத் துவாரம் வழியா, ரப்பர் ஹோஸ் வழியா, நீங்க ஓட்டினாலும் சரி, ஷெட்ல நிறுத்தி வெச்சாலும் சரி. முதல் எண் டின்ன தொறந்த அன்னைக்கு. ரேஸ்காரங்களுக்கு அந்த எண் போதும், அவங்க அடிக்கடி ஆயில கழுவி ஊத்துவாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஒரே ஆயில்ல ஓட்டறவங்களுக்கு ரெண்டாவது எண்தான் நெஜம். ஈரம் கெடுதல்ங்கறதால உள்ள வர்ற தண்ணிய ஆயில் குடிக்காம இருந்தா நல்லதுன்னு சிலர் நெனைக்கறாங்க. அது தப்பு. குடிக்கலேன்னா தண்ணி தனியா கேலிப்பர் அடில தேங்கும், 100 டிகிரியிலயே கொதிக்கும், பிஸ்டனயும் துருப்பிடிக்க வெக்கும். ஆயில் ஈரத்த தனக்குள்ள பரப்பி வெச்சுக்கறது ஒரு பாதுகாப்பு, நாம காலாகாலத்துல மாத்தினா.

தம்பியோட ஆசையும் என் பதிலும்

தம்பிக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600ங்கற ரேஸ் ஆயில் வேணும். புதுசுல 312 டிகிரி, கேக்கவே நல்லாத்தான் இருக்கு. ஈரத்துலயும் 200க்கு மேல நிக்குது, அதனால அது சும்மா விளம்பரம்னு நான் சொல்ல மாட்டேன், அருமையான ஆயில். வருஷா வருஷம் முழுசா மாத்தற ஆளா இருந்தா டவுன் வண்டில ஊத்தினாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆனா சாதாரண டாட் 4 விலைக்கும் அதுக்கும் மடங்குக் கணக்குல வித்தியாசம், பழசு முழுசா வெளிய போற மாதிரி ஃப்ளஷ் பண்ண ரெண்டு பாட்டில் வேணும், விலை ஜாஸ்தின்னு ஒரு வருஷத்த மூணு வருஷமா இழுத்தா குடுத்த காசுக்கு அர்த்தமே இல்ல. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் இன்னும் ஒரு படி மேல, ஈரத்துல 270, அந்த விஷயத்துல அத அடிச்சுக்க ஆளில்ல, விலையும் அதே மாதிரி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்லயோ கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேலயோ சுத்து சுத்தா ஓட்டறவங்க இதெல்லாம் யோசிக்கட்டும், அங்க நேர் ரோட்டுல முழு வேகத்துல போய் திரும்ப திரும்ப பிடிக்கறாங்க, பிரேக் ஆறவே நேரம் கெடைக்காது. கொல்லிமலைல ரெண்டாவது கியர்ல இறங்கற ஹேட்ச்பேக்குக்கு அது தேவையில்ல. ஆயிலுக்கு போற அந்த அதிகப்படி காச நல்ல பேட்டுக்கும் கேலிப்பர் சர்வீசுக்கும் போட்டா பிரேக் இன்னும் நல்லா இருக்கும்னு அடிச்சுச் சொன்னேன்.

டாட் 5, அத தள்ளியே வெச்சிருங்க. அது சிலிகான் ஆயில், ஊதா கலர்ல வரும், ஈரத்த இழுக்காது, பெயிண்ட்ட அரிக்காது, ஷெட்லயே நிக்கற பழைய வண்டிகளுக்கு ஊத்தறவங்க இருக்காங்க. ஆனா மத்த ஆயிலோட கலக்காது, நுண்ணுன்னு காத்துக் குமிழ பிடிச்சு வெச்சுக்கும், பெடல் கொஞ்சம் மெத்துன்னே இருக்கும், ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேற ஜாதி, அது 3, 4 மாதிரியே கிளைக்கால் குடும்பம், அதுங்களோட கலக்கும். கடைக்காரரு 5.1 இல்லைங்க 5 இருக்குது, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா அந்தக் கடைய விட்டு வந்துருங்க.

அடுத்து டாட் 4லயே தண்ணியா ஓடற வகை ஒண்ணு இருக்கு, ஐஎஸ்ஓ 4925 கிளாஸ் 6னு டின்ல போட்டிருப்பாங்க. ஈஎஸ்பி இருக்கற வண்டிகள்ல வால்வு ஒரு நொடில பல தடவ தொறந்து மூடணும், ஆயில் கெட்டியா இருந்தா தாமதம், அதுக்காக வந்தது. ஈரத்துல 165, சாதாரண டாட் 4 விட மேல. ஹேண்ட்புக்ல கிளாஸ் 6 அல்லது எல்வின்னு (தண்ணியா ஓடறதுன்னு அர்த்தம்) போட்டிருக்கற வண்டிக்கு அதத்தான் ஊத்தணும், ட்ராக்குக்குப் போற கெட்டியான ரேஸ் ஆயில அதுல ஊத்தறது நல்ல யோசனை இல்ல. நம்ம ஊர்ல மைனஸ் 40 டிகிரி வரப் போறதில்ல, அதனால ஈஎஸ்பி இல்லாத இந்த வண்டிக்கு தண்ணியா ஓடறது பெரிய லாபம் இல்ல, கெடுதலும் இல்ல.

வண்டியோட ஆயில் டப்பா மூடில டாட் 3 அல்லது டாட் 4னு போட்டிருக்கு, வாரண்டி முடிஞ்சு வருஷமாச்சு. கடைசில டாட் 5.1 எடுத்தோம். காரணம் நேரடியானது, ஈரத்துல 180ங்கறது விதிப்படியே குறைஞ்சபட்சம், சாதாரண டாட் 4 விட 25 டிகிரி கூட, விலை வித்தியாசம் தாங்கற அளவு, மலைல எங்கயாவது டாப் அப் பண்ண வேண்டி வந்தா பெட்டிக்கடைல கெடைக்கற டாட் 4 கூட கலக்கும். 5.1 கெடைக்கலேன்னா நல்ல டாட் 4 கிளாஸ் 6 எடுத்திருப்பேன், அதுவும் இல்லேன்னா சாதாரண டாட் 4 புதுசா ஊத்தி வருஷா வருஷம் மாத்தச் சொல்லிருப்பேன். புதுசான சாதாரண டாட் 4, மூணு வருஷம் கெடந்த ரேஸ் ஆயில விட எனக்கு நம்பிக்கை. வாரண்டில இருக்கற வண்டின்னா ஹேண்ட்புக்க தாண்டாதீங்க.

ஊத்தின விதம்

அரை லிட்டர் பாட்டில் ரெண்டு, சீல் இருக்கறது, தயாரிச்ச தேதி பாத்து. கடைல பாதி தொறந்த கேன்ல இருந்து ஊத்திக் குடுக்கறத வாங்கவே வாங்காதீங்க, அது எத்தன நாளா காத்து குடிச்சிட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி முதல்ல டப்பால இருக்கற பழசு எல்லாம் ஒரு பெரிய சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்து, அடில இருந்த கசட துணில தொடச்சு, புதுசு ஊத்தி, அப்பறம்தான் வீலுக்குப் போனாரு. ஹேண்ட்புக்ல போட்டிருந்த வரிசைல ஒவ்வொண்ணா. ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் நிப்பிள தொறந்து மூட. பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டைய வெச்சாரு, ஏன்னு கேட்டேன், பெடல் தள்ளற மாஸ்டர் சிலிண்டருக்காகன்னாரு. "தெனமும் பெடல் பாதி தூரந்தானுங்க போவும், அதுக்குக் கீழ மாஸ்டர் சிலிண்டர்ல அழுக்கு பிடிச்சிருக்கும். ப்ளீட் பண்றப்ப தரை வரைக்கும் மிதிச்சா வாஷர் அதுல உரசி கிழிஞ்சுரும், அப்பறம் மாஸ்டரே மாத்தோணும்." பழைய வண்டி வெச்சிருக்கறவங்க இத மறக்காதீங்க, ஆயில் மாத்தினதும் மாஸ்டர் போச்சுன்னு சொல்றதுல பாதி இதனாலதான்.

ஒவ்வொரு வீல்லயும் காப்பி கலர் போயி இளமஞ்சள் வர்ற வரைக்கும், அதுக்கப்பறமும் கொஞ்சம். டப்பால லெவல் கீழ போய் காத்து ஏறிடாம ஒரு ஆள் அதையே பாத்துட்டு நின்னோம், ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா அப்பறம் ஸ்கேனர் போட்டு மோட்டார ஓட விட்டுத்தான் எடுக்கணும். சிந்தின ஆயில உடனே தண்ணி விட்டுக் கழுவிடணும், இல்லேன்னா பெயிண்ட்ட உரிச்சிரும். புனல், பாட்டில் எதுலயும் இன்ஜின் ஆயில், ஸ்டீரிங் ஆயில் துளி கூட இருக்கக் கூடாது, மினரல் ஆயில் பட்டா உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் ஊதிப் போயி மொத்த சிஸ்டத்தையும் மாத்த வேண்டி வரும்.

ஸ்லைடு பின்ன கழட்டி, துரு எடுத்து, ரப்பர் பூட் புதுசு போட்டு, பிரேக்குக்குன்னே வர்ற சிலிகான் கிரீஸ் வெச்சு மாட்டினோம். முன் பேட் நாலும் புதுசு, பின் ட்ரம் அட்ஜஸ்ட். சர்வீஸ்ல முழுசா மாத்தினாங்களான்னு கண்டுபிடிக்க ஒரு வழி, ப்ளீடர் நிப்பிள பாருங்க. வருஷக்கணக்கா ஸ்பேனர் படாத நிப்பிள்ல துருவும் மண்ணும் அப்பிட்டு கெடக்கும். இந்த வண்டில பின் நிப்பிள் ரெண்டும் அப்படித்தான் இருந்துச்சு.

அதுக்கப்பறம்

வேலை முடிஞ்சு அடுத்து கொல்லிமலை போனப்ப நானும் கூடப் போனேன், கையில சூடு பாக்கற இன்ஃப்ராரெட் கன். முழு இறக்கமும் ரெண்டாவது கியர், சில எடத்துல ஒண்ணு. ஏறின கியர்லதான் இறங்கணும்னு லாரிக்காரங்க சொல்றது வெறும் பழக்கம் இல்ல, மேல போட்ட கணக்குல இன்ஜினோட பங்க கூட்டறது அது. அடிவாரத்துல முன் டிஸ்க் 160 பக்கம் காட்டுச்சு. இன்னொரு தடவ வேணும்னே மூணாவது கியர்ல கொஞ்ச தூரம் மட்டும், வண்டில நாங்க ரெண்டே பேர், ரோடு காலியா இருந்தப்ப இறக்கிப் பாத்தோம், 290ஐ தாண்டுச்சு. பளபளன்னு இருக்கற டிஸ்க்ல இந்த கன் சரியான எண் காட்டாது, கொறச்சுத்தான் காட்டும், அதனால இத ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட மட்டும் வெச்சுக்கங்க. வலது இடது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டினது எனக்கு அந்த 160 விட முக்கியம், பின் இப்ப ஃப்ரீயா நகருதுன்னு அர்த்தம்.

ஒரு வருஷம் கழிச்சு ஆயில் மாத்தறப்ப அதே முன் வலது கேலிப்பர்ல இருந்து சாம்பிள் எடுத்து அதே மிஷின்ல குடுத்தோம், 218. கலர் இன்னும் மஞ்சள்தான், லேசா மங்கிருக்கு. அந்த எண்ண பாத்துட்டு தம்பி ரெண்டு வருஷம் விடலாமான்னு கேட்டான். டவுன்ல மட்டும் ஓட்டறவங்க தாராளமா ரெண்டு வருஷம் விடலாம், பெரும்பாலான கம்பெனி சொல்றதும் அதுதான். நீ மலைல விரட்டற ஆளு, மெட்ராஸ் மாதிரி கடல் காத்து ஊர்ல இருக்கறவங்களும் சரி, வருஷத்துக்கு ஒண்ணு, மழைக்காலம் முடிஞ்சதும்னு வெச்சுக்கன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டான், பழைய பில்லுக்குப் பதிலா இப்ப டேஷ்போர்டுல சாம்பிள் ரீடிங் எழுதின சீட்டுதான் வெச்சிருக்கான்.

இப்ப அவனுக்கு அடுத்த ஆசை, கரி ஸ்பீட்வேல ஒரு ட்ராக் டே. அதுக்கு மட்டும் ஆர்பிஎஃப் 600க்கு நான் சம்மதிச்சிருக்கேன், ட்ராக் டேக்கு முந்தின வாரம் ஃப்ளஷ் பண்ணி ஊத்தறது, பேடும் ட்ராக் சூடு தாங்கற வகை, முடிஞ்சு வந்ததும் நாலு வீலும் ப்ளீட் பண்ணிப் பாக்கறது. பேட் எதுன்னு இன்னும் முடிவாகல, அந்த அளவுல நம்ம ஊர்ல நல்ல ட்ராக் பேட் கெடைக்கற எடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.